பட்டுப்போன கன்றைத் தூக்கி எறிவதற்கு முன்

"நேத்து சாயந்திரம்கூட நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பார்த்தா இலையெல்லாம் தொங்கிப்போச்சு." பட்டுப்போன மரக்கன்றைப் பற்றி யார் பேசினாலும் முதல் வரி இதுதான். நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். வாசலில் நிழலுக்கும் பூவுக்குமாக ஆசையாக வைத்த சரக்கொன்றையோ மகிழமோ பூமருதோ, இரண்டு வருடம் தண்ணீர் சுமந்து ஊற்றி ஆள் உயரம் வந்தபிறகு ஒரே வாரத்தில் கருகி நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். உடனே என்ன செய்கிறோம்? பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அதே நர்சரியில் அதே மரத்தை வாங்கிவந்து அதே குழியில் வைக்கிறோம். அதுவும் சாகிறது. அப்புறம் "இந்த இடம் ராசியில்லை" என்று முடிவாகிவிடுகிறது.

ராசிக்கெல்லாம் போகவேண்டாம். கன்று ஒரே இரவில் சாவது ரொம்ப அரிது. வேரோ தூரோ பல வாரங்களாகக் கெட்டுக்கொண்டிருக்கும், மிச்சமிருக்கும் நாலு நல்ல வேரை வைத்து இலை சமாளித்துக்கொண்டிருக்கும், மழை மேகம் விலகி முதல் நல்ல வெயில் அடிக்கிற நாளில் இழுக்கத் தண்ணீர் போதாமல் மொத்தமாகச் சாய்ந்துவிடும். நாம் பார்ப்பது அந்தக் கடைசி நாளை மட்டும். அதனால் காரணம் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் கிடக்கும். ஒரு மண்வெட்டி, ஒரு சின்னக் கத்தி, ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

முதலில், செத்ததுதானா?

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் உயிரோடு இருக்கும் மரத்தைப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும். சரக்கொன்றை பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும், சித்திரையில் பூத்துக் குலுங்கும். முதல்முறை வளர்ப்பவருக்கு அந்த மொட்டை, சாவு மாதிரியே தெரியும். கோயில் பக்கம் பார்க்கிற ஈழத்தலரியும் மார்கழி, தை மாதங்களில் இப்படித்தான். வேம்பு இன்னொரு ஏமாற்று. மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது நுனிக்கிளையெல்லாம் தீயில் காட்டியதுபோலக் கருகிவிடும். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் அதோடு சேரும் நுனிக்கருகல் பூஞ்சையும் செய்கிற வேலை அது. பார்க்க மரமே போய்விட்டதாகத் தோன்றும். பல மரங்கள் வெயில் ஏறியதும் மறுபடி துளிர்க்கும்.

அதனால் நகத்தால் கீறுங்கள். நுனிக்கிளையில் தொடங்கி, அப்புறம் நடுக்கிளை, அப்புறம் தண்டு, கடைசியில் தரையை ஒட்டிய தூர். மேல்தோலைக் கீறினால் உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம்வரை உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பு தெரிந்தால் இல்லை. பச்சை எங்கே நிற்கிறது என்பதைச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பத்து நாள் கழித்துத் திரும்பக் கீறிப் பார்த்தால் நோய் இறங்குகிறதா நின்றுவிட்டதா என்பது தெரிந்துவிடும். தூரில் பச்சை இருக்கிறதென்றால் அவசரப்பட வேண்டாம்; புங்கம், வேம்பு, கொன்றை எல்லாம் அடியிலிருந்து நன்றாகத் தழைக்கக்கூடியவை.

தூரிலும் பச்சை இல்லை என்றால், சரி, செத்துவிட்டது. இப்போதுதான் வேலையே தொடங்குகிறது.

இலை என்ன சொல்கிறது

இலை முழுக் கதையைச் சொல்லாது, ஆனால் எந்தப் பக்கம் தேடவேண்டும் என்று கை காட்டும். இலை உதிராமல் அப்படியே கிளையில் தொங்கிக்கொண்டு, பச்சை மங்கிப் பழுப்பாக மொடமொடவென்று ஆகியிருந்தால் தண்ணீர்ப் பாதை திடீரென்று அறுந்திருக்கிறது. தூரைச் சுற்றிப் பட்டை போயிருக்கலாம், வேரைப் புழு தின்றிருக்கலாம், யாராவது எதையாவது ஊற்றியிருக்கலாம். அடியிலை மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்து, அப்புறம் மேலிலை என்று படிப்படியாகப் போயிருந்தால் நாள்பட்ட சங்கதி. தண்ணீர் தேங்குகிறதா, வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இலையின் ஓரம் மட்டும் கருகி நடு பச்சையாக இருந்தால் உப்பு, அல்லது உரம். உரம் என்றால் யூரியா என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. "உரம் எதுவும் போட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். இன்னும் இரண்டு நிமிடம் பேசினால் "கொஞ்சம் யூரியா மட்டும் வச்சோம்" என்று வரும். இல்லையென்றால் மக்காத கோழி எரு. ஒரு கைப்பிடி யூரியாவைத் தண்டை ஒட்டி வைத்துத் தண்ணீர் குறைவாக விட்டால் சின்னக் கன்றுக்கு அதுவே போதும், சில நாட்களில் ஓரம் கருகத் தொடங்கும்.

துளிர் இலை முறுக்கிக்கொண்டு, காம்பு வளைந்து, நரம்பெல்லாம் நெருக்கமாகி விகாரமாக இருந்தால் களைக்கொல்லியைச் சந்தேகப்படுங்கள். 2,4-டி என்கிற களைக்கொல்லி அடித்த இடத்திலிருந்து காற்றில் வந்த சாரலே இப்படிச் செய்யும். கிளைபோசேட் என்கிற இன்னொரு களைக்கொல்லி வேறு மாதிரி: மரத்தில் படாமல் புல்லுக்குத்தான் அடித்தேன் என்பார்கள், ஆனால் இளங்கன்றின் தண்டு இன்னும் பச்சையாக இருக்கும்போது அந்தப் பட்டை வழியாகவே மருந்து உள்ளே போய்விடும். ஒரே ஒரு கிளை மட்டும் வாடியிருந்தால் வேரைத் தோண்டாதீர்கள், அந்தக் கிளையிலேயே துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் நாள்காட்டி. செத்த நாளை விட்டுவிட்டு, அதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் அந்த இடத்தில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பக்கத்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்களா? சிமெண்ட் கலவை கழுவிய தண்ணீர் எங்கே போனது? சுவருக்கு வெள்ளையடித்து மிச்சத்தை எங்கே கொட்டினார்கள்? வீட்டு ஆர்.ஓ. கருவியின் கழிவுத் தண்ணீரை "வீணாகப் போகவேண்டாமே" என்று கன்றுக்குத் திருப்பிவிட்டீர்களா? புயல் அடித்ததா? 2016 டிசம்பரில் வர்தா அடித்துச் சாய்ந்த கன்றுகளை எங்கள் தெருவில் நிமிர்த்திக் கயிறு கட்டிவிட்டு மரம் பிழைத்ததென்று சந்தோஷப்பட்டோம். கிழிந்த வேரோடு அவை கோடைவரை நின்றன, அவ்வளவுதான்.

தண்டை அசைத்துப் பாருங்கள்

தோண்டுவதற்கு முன் தண்டை இடுப்பு உயரத்தில் பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் தள்ளுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். கல் மாதிரி அசையாமல் நின்றால் வேர் இருக்கிறது. கோளாறு தூரிலோ தண்டிலோ, இல்லை ஊற்றப்பட்ட ஏதோ ஒன்றிலோ இருக்கிறது. மண்ணுக்குள் ஒரு குமிழி சுழல்வதுபோல மொத்தமாகத் திரும்பினால் வேர் நர்சரிப் பையின் அளவைத் தாண்டவே இல்லை. லேசாக இழுத்ததும் முளைக்கீரை மாதிரி கையோடு வந்துவிட்டால் வேரை யாரோ தின்றிருக்கிறார்கள், அல்லது அழுகியிருக்கிறது.

இப்போது தூர். மண் அணைத்திருந்தால் இரண்டு மூன்று விரற்கடை ஆழத்துக்குக் கையாலேயே விலக்குங்கள். நல்ல மரத்தில் தண்டு தரையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் விரிந்து வேராகப் பிரியும். அந்த விரிவு மண்ணுக்கு மேலேயே தெரியவேண்டும். தண்டு கம்பம் நட்டதுபோல நேராக உள்ளே இறங்கினால் ஆழமாக நட்டிருக்கிறார்கள், அல்லது வருடா வருடம் மண் அணைத்து அணைத்து மூடியிருக்கிறார்கள். காய்கறிச் செடிக்கு மண் அணைக்கிற பழக்கத்தை மரத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். தண்டின் பட்டை காற்றில் இருக்கவேண்டியது. மாதக்கணக்கில் ஈரமண்ணில் புதைந்தால் அழுகும்.

தூரைச் சுற்றி வளையமாகப் பட்டை இல்லையா? புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு பட்டால் அப்படித்தான் ஆகும், புல்தரையில் வைத்த கன்றுகளுக்கு இதுதான் பெரிய எமன். ஆடு கடித்தால் சீராக இருக்காது, மேலே மேலே உரித்திருக்கும். குச்சியோடு சேர்த்துக் கட்டிய கட்டுக்கம்பியோ பிளாஸ்டிக் கயிறோ தண்டு பருக்கப் பருக்க உள்ளே புதைந்துபோயிருக்கும்; வெளியே லேசான வரிதான் தெரியும், விரலால் தடவினால்தான் அகப்படும். அப்படியே தூரில் வரிசையாக உருண்டையான துளைகள், துளைக்குக் கீழே புழுவின் எச்சம் எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தால், அது புழுவல்ல, டிரில் போட்ட மனிதர். விளம்பரப் பலகையை மறைக்கிறது, கடைவாசலை மறைக்கிறது என்று அமிலம் ஊற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு மகிழத்தைக் காட்டக் கூப்பிட்டார்கள். இலை எல்லாம் பழுப்பாகத் தொங்குகிறது, தண்டு அசையவில்லை. தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையும் காயாத சாணமும் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, "மூடாக்கு போட்டிருக்கோம் சார்" என்றார் தோட்டக்காரர், பெருமையாகவே. குவியலை விலக்கினால் தண்டின் அடியில் பஞ்சைப் பிரித்து ஒட்டியதுபோல வெள்ளை நூல் விசிறியாகப் படர்ந்திருக்கிறது. அதன்மேல் கடுகைத் தூவியதுபோலச் சின்னச் சின்ன உருண்டைகள், புதியவை வெள்ளையாக, பழையவை பழுப்பாக. பட்டையை அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. கழுத்தழுகல், ஸ்கிளிரோஷியம் என்கிற பூஞ்சை. சூடும் ஈரமும் மக்காத குப்பையும் அதற்கு விருந்து. அந்தக் கடுகுதான் அதன் விதை மாதிரி, மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும். அங்கே அடுத்த கன்றை வைப்பதற்கு முன் மேல்மண்ணை ஒரு அடிக்கு அள்ளி அப்புறப்படுத்தச் சொன்னேன். மூடாக்கு நல்லதுதான், ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வளையமாக இருக்கவேண்டும்.

தண்டில் பட்டையோடு ஒட்டி, மரத்தூளும் எச்சமும் நூலால் பின்னிய குழாய் மாதிரி ஓடினால் பட்டை தின்னும் புழு. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கிளைக்கவட்டில் ஒரு துளை இருக்கும். பெரிய மரம் தாங்கும், விரல் பருமன் கன்று தாங்காது. உயிரோடு இருக்கும் மரத்தில் இதைக் கண்டால் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைச் செருகிக் களிமண்ணால் அடைத்துவிடுவது ஊரில் தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம்.

தோண்டுங்கள், பிடுங்காதீர்கள்

பிடுங்கினால் சாட்சியெல்லாம் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக வெட்டி, அடியில் மண்வெட்டியை விட்டு மண்ணோடு தூக்குங்கள். தோண்டும் முன்பு தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், மண் எந்த ஈரத்தில் இருக்கிறது என்பதும் பார்க்கவேண்டிய ஒன்று.

தோண்டிய குழியை முகர்ந்து பாருங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல மண் மழை விழுந்த வாசனை தரும். சாக்கடை நாற்றமோ அழுகின முட்டை நாற்றமோ அடித்தால் தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் வேர் மூச்சடைத்துச் செத்திருக்கிறது. வேரை எடுத்து இரு விரலால் உருவுங்கள். தோல் உறை மாதிரிக் கழன்று உள்ளே நரம்பு மட்டும் நின்றால் அழுகல். உடைத்தால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் அந்த வேர் கடைசிவரை உயிரோடு இருந்தது.

இதில் ஒரு கொடுமை, தண்ணீர் அதிகமானாலும் இலை வாடும், குறைந்தாலும் வாடும். வாடுகிறதே என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம். கரிசல், களிமண் பகுதிகளில் இது அடிக்கடி நடக்கிறது: இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி, நல்லதென்று செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் போட்டு நிரப்புகிறோம், சுற்றிலும் களி, நடுவில் பொலபொல மண். மழை பெய்தால் அந்தக் குழி தொட்டியாகிவிடுகிறது. சுற்றுவட்டாரத் தண்ணீர் அதில் இறங்கும், வெளியே போக வழியில்லை. சோதிக்கவேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள், வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழியில் நடக்கூடாது, மேடு கட்டித்தான் நடவேண்டும்.

நேர் எதிரானதும் உண்டு. நர்சரிப் பையின் செம்மண் உருண்டை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றி இறங்கிப்போகும். வெளி மண் சேறாக, உருண்டையைக் கத்தியால் பிளந்தால் உள்ளே தூசி பறக்கும்.

எங்கள் வீட்டுச் சரக்கொன்றை ஐப்பசி மழை நின்ற வாரத்தில் போனது. மழைதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். அசைத்தபோது குமிழி மாதிரி சுழன்றது. தோண்டி எடுத்து மண்ணை உதறினால், இரண்டு வருடத்துக்குப் பிறகும் வேர் பையின் உருவத்திலேயே இருக்கிறது, அடியில் கொசுவர்த்திச் சுருள்போலச் சுற்றிச் சுற்றி. ஒரு பக்கவேர் பருத்து ஆணிவேரைக் கயிறு முறுக்கியதுபோல இறுக்கிப் பள்ளமே போட்டிருந்தது. சுருளுக்குக் கீழே, வட்டமாக, கறுப்பு பாலித்தீன். பக்கவாட்டில் மட்டும் பையைக் கிழித்துவிட்டு, மண் உதிர்ந்துவிடுமே என்று அடியை அப்படியே விட்டு நட்டது நான்தான். நர்சரியைத் திட்டிக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. பாதிப் பழி அவர்களுடையது, பையிலேயே அந்தக் கன்று அளவுக்கு மீறி நாள்பட நின்றிருந்தது. மீதி என்னுடையது.

வேரே இல்லாமல் வந்ததென்றால் மண்ணைச் சலித்துப் பாருங்கள். ஆங்கில சி எழுத்து மாதிரி வளைந்த, பழுப்புத் தலையும் ஆறு காலும் உள்ள தடித்த வெள்ளைப் புழு கிடைத்தால் வேர்ப்புழு. கோடைமழை பெய்ததும் இரவில் வேப்பிலையை மொய்க்கும் வண்டுகளின் குஞ்சு அது. மக்காத எருவோடும் வந்து சேரும். வேரின் மேல் மண்பூச்சு, உள்ளே கூடு என்றால் கறையான். இங்கே ஒரு எச்சரிக்கை. கறையானைக் கண்டதுமே அதுதான் கொன்றது என்று முடிவுகட்டாதீர்கள், செத்த மரத்துக்கு அது விருந்தாளியாகவும் வரும். வேரில் கடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஈரமான உயிர்ப்பகுதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உயிரோடிருக்கும்போதே தின்றிருக்கிறது. நகரத்தில் பெருச்சாளியும் வேரை அறுக்கும், வளையும் பல்தடமும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த இடத்தில் முன்பு ஒரு பெரிய மரம் நின்றதா? பழைய செம்மயிற்கொன்றை, கொன்றை, தென்னை இவற்றின் அடிக்கட்டை மண்ணுக்குள் மக்கிக்கொண்டிருந்தால், அரக்கு பூசியதுபோலப் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டுக்காளான் அருகில் எங்காவது முளைத்திருக்கலாம். கானோடெர்மா என்கிற பூஞ்சை அது. பழைய வேரிலிருந்து புதிய வேருக்குத் தாவும். கட்டையை வேரோடு தோண்டி எடுக்காமல் அங்கே கன்று வைப்பது வீண்வேலை.

தண்ணீர், மண், பரிசோதனை

குழியில் குறை எதுவும் கண்ணில் படவில்லை, இலை ஓரம் கருகியிருந்தது, மண்ணின் மேல் வெள்ளைப் படலம் என்றால் போர் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன அளவுகோலில் லிட்டருக்கு 450 மில்லிகிராம்வரை கவலையில்லை, 2000-ஐத் தாண்டினால் கடும் சிக்கல். கடலோரத்திலும் கோடையில் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்ட போர்களிலும் இந்த எல்லை சுலபமாகத் தாண்டிவிடும். பூவரசும் புங்கமும் உப்பை ஓரளவு தாங்கும், அப்படிப்பட்ட இடத்துக்கு அவற்றை வையுங்கள். செண்பகத்தை வைத்துவிட்டு அழவேண்டாம்.

நோய் என்று தோன்றினால் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ மாதிரி கொண்டுபோகலாம். காய்ந்த குச்சியைக் கொண்டுபோனால் எதுவும் தெரியாது. உயிருள்ள பகுதியும் செத்த பகுதியும் சேரும் இடத்தை, தூரிலிருந்தும் வேரிலிருந்தும் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி அன்றைக்கே கொடுங்கள். பாலித்தீனில் கட்டி இரண்டு நாள் வைத்தால் அதிலேயே வேறு பூஞ்சை முளைத்துவிடும்.

அடுத்த கன்று

காரணம் கிடைத்தபிறகும் அதே வாரம் நடாதீர்கள். குழியைத் திறந்துபோட்டுச் சில வாரம் வெயில் காட்டுங்கள், அகலத்தைக் கூட்டுங்கள். ஆழம் அவ்வளவு முக்கியமில்லை. களிமண் என்றால் குழியின் சுவரைக் கடப்பாரையால் கொத்தி விடுங்கள், மண்வெட்டி தேய்த்த வழவழப்பில் வேர் உள்ளே போகாது. வெட்டியெடுத்த மண்ணையே பெரும்பகுதி திருப்பிப் போட்டு மக்கிய எருவைக் குறைவாகக் கலந்தால் போதும். நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றைச் சித்திரை வெயிலில் நேராக வைக்கவேண்டாம், ஆடிக்குப் பிறகு வைத்தால் மழையில் வேர் ஓடிவிடும்.

நர்சரியில் உயரமான கன்றைத் தேடாதீர்கள். சின்னப் பையில் ஆறடி நிற்கிறதென்றால் உள்ளே வேர் எப்படிச் சுற்றியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் கடைக்காரர் முகம் சுளிப்பார், அதனால் காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே கழற்றுங்கள், சுருண்டிருந்தால் மாற்றித் தருவதாக முன்பே பேசிக்கொண்டு. வீட்டுக்கு வந்தபிறகு லேசான சுருள் தெரிந்தால் உருண்டையின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கத்தியால் கோடு கிழித்து, அடியில் சுற்றியதை வெட்டிவிட்டு நடுங்கள். பையை முழுசாக எடுங்கள், அடியையும் சேர்த்துத்தான்.